மிச்சத்துக்கு வந்த ஐஸ்லாந்து ராணி

2005 பிப்ரவரி, சனிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவிலிருந்து கிளம்பினேன். கையில் ஐந்தடி அகல ஓவியம். சென்னையிலிருந்து ஊர் பார்க்க வந்தவனுக்கு இது தேவையா என்றால், தங்கியிருந்த வீட்டுக்காரர் யோகநாதன் கேட்டுவிட்டார்.

“அண்ணை, எனக்கு இண்டைக்கு ஷிப்ட். மேல்வீட்டு அம்மாவோட உந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு மிச்சத்துக்குப் போக ஏலுமோ?”

மிச்சம் என்றால் மீதியில்லை, தெற்கு லண்டனில் ஓர் ஊர். அங்கே அவருடைய அக்கா தவமணியின் மளிகைக் கடையில் கண்காட்சி. மேல்வீட்டு அம்மா சிக்ரூன், ஐம்பது தாண்டிய ஐஸ்லாந்து நடிகை. ஓவியங்களைக் காட்ட லண்டனில் அவருக்குக் கிடைத்த முதல் சுவர் அதுதான்.

விம்பிள்டன்வரை ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியில் தன் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். சொந்த ஊர் மேடையில் இருபது வருடம் ராணி வேடம். லண்டன் வந்ததும் உச்சரிப்பு சரியில்லை என்று தொலைக்காட்சியில் பிண வேடம் மட்டும் கொடுத்தார்கள்.

“கண் திறந்த பிணத்துக்கு வானம் மட்டும்தான் தெரியும். அதனால் வானம் வரைய ஆரம்பித்தேன்.”

விம்பிள்டனில் டிராம் நிரம்பி வழிந்தது. படத்தோடு ஏற முடியாது என்று நான் பின்வாங்கினேன். சிக்ரூன் மட்டும் உள்ளே காலை வைத்தார்; கண்கள் செருகின; அப்படியே சரிந்தார். கூட்டம் பதறி விலகியது; நானும் பதறிப்போய்ப் படத்தோடு ஏறினேன். ஒருவர் இருக்கை தந்தார், இன்னொருவர் தண்ணீர் நீட்டினார். கதவு மூடியதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டார்: “படம் உள்ளே வந்துவிட்டதா?”

கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே ஆணி அடித்து வைத்திருந்தார்கள்; வெறும் வானம் மட்டுமே இருந்த படத்தை அதில் மாட்டினோம். கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், கத்தரிக்காயோடு போனார்கள். ஒருவர் மட்டும், “இன்னும் வரைஞ்சு முடியேல்லையோ?” என்று விசாரித்தார். நான் மொழிபெயர்த்ததும் சிக்ரூனின் முகம் வாடிவிட்டது.

தவமணிக்குப் பொறுக்கவில்லை. “இவ நடிகை எண்டு தம்பி சொன்னவன். ஏதாவது நடிச்சுக் காட்டச் சொல்லுங்கோ” என்றார் என்னிடம். சொன்னேன்.

சிக்ரூன் கோட்டைக் கழற்றிவிட்டு, தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஐஸ்லாந்து மொழியில் பேச ஆரம்பித்தார். குரல் தாழ்ந்து, உயர்ந்து, உடைந்தது. கடையே அசையவில்லை. முடிந்தபோது தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“புரிந்ததா அக்கா?” என்றேன்.

“ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா கதையில வாற அந்தப் பொம்பிளையில பிழை இல்லை.”

மொழிபெயர்த்ததும் சிக்ரூன் சிவந்துபோனார். “கணவனுக்கு நஞ்சு வைத்த ராணி அவள். ஊர்முன் மன்னிப்புக் கேட்கிறாள்.”

அதையும் தவமணியிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. “அவன் என்ன செய்தவன் எண்டு ஆராவது கேட்டவையோ?”

இதை நான் சொன்னதும் சிக்ரூன் கழற்றிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். “இருபது வருடம் நடித்திருக்கிறேன். இயக்குநர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை” என்றார்.

நானும் சென்னை சபாக்களில் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். வசனமெல்லாம் புரிந்தது, நன்றாக நடித்தார்களா என்று மட்டும் பேசிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன்.

மாலை டிராமில் சிக்ரூன் அதே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். குரலில் இப்போது ஒரு காரம். ராணி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

“வார்த்தைகள் அதேதான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.”