பதினொரு விசும்பல்

மகன் வாங்கி வந்த டிஸ்க்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று முறையும் கொலைகள் எட்டுத்தான். நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்தப் படத்தில் ஏழு கொலை என்றே நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஏரிக்கரையில் நடக்கும் எட்டாவது கொலை அன்றைய கேசட்டில் வெறும் கறுப்பாக இருந்தது. யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

படத்தைக் கழுவித் துடைத்துப் புதுப்பித்திருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. அதில் பொய்யில்லை. ரத்தம் இப்போது பெயிண்ட் என்று தெரிகிறது. ஆனால் அந்த அழுகையைக் காணோம்.

அப்போது நாங்கள் கணபதியில் குடியிருந்தோம். எனக்கு எட்டாம் வகுப்பு. அக்கா கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளைக் கருமத்தம்பட்டியில் பதினாறு தறி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுப்பதாக வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். படிப்பு அதோடு நின்றது. அன்று சாயங்காலம் அக்கா லேசாகக் கண்ணைத் துடைத்ததற்கே, நல்ல காரியம் பேசிய வீட்டில் கண்ணீர் ஆகாது என்று அப்பா சத்தம் போட்டார். வீட்டில் இரண்டு அறை, விருந்தாளிகளோடு பதின்மூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை துடியலூரிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார். கல்யாணப் பெண்ணின் விருப்பப்படி படம் என்று இரண்டு கேசட்டுகளை நீட்டினார். ஒன்று சாமி படம். இன்னொன்று முகமூடிக்காரன் வரிசையாகக் கொலை செய்யும் இங்கிலீஷ் படம். கரப்பான் பூச்சிக்கே அலறுகிற அக்கா இரண்டாவதைத் தொட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம்.

மத்தியானம் ஜன்னல் மூன்றுக்கும் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினார்கள். கேசட் எத்தனையாவது நகலோ தெரியாது. உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்தது. அடியில் நான்கு வெள்ளைக் கோடுகள் நெளிந்துகொண்டே இருந்தன. சத்தமோ கிணற்று மோட்டார் ஓடுவதுபோல இரைந்தது. மாமா இரண்டு முறை டெக்கைத் திறந்து, காகிதத்தில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தார். கோடு நான்கு ஐந்தானது.

காது வலிக்கிறது என்று யாரோ சொல்ல, மாமா சத்தத்தைக் குறைக்க எழுந்தார். எனக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா தடுத்தாள்.

"கொறைக்காதீங்க மாமா. இந்த மாதிரிப் படமெல்லாம் சத்தமா இருந்தாத்தான் நல்லாருக்கும்."

"பாருடா, மாப்பிள்ளை பாவம்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது கொலைக்குப் பிறகுதான் கவனித்தேன். இரைச்சலுக்கு அடியில் ஒரு பெண் அழுதாள். மூக்கை உறிஞ்சி, மூச்சை அடக்கி, பிறகு விட்டாள். முகமூடிக்காரன் மட்டும் தனியாக நடக்கும் இடத்திலும் அது கேட்டது. அப்படியானால் மரத்துக்குப் பின்னால் எவளோ ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறாள், கடைசியில் அவள்தான் வந்து காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு விசும்பலுக்கும் ஒரு விரல் மடக்கினேன். சந்தேகம் தாங்காமல் திரும்பி, அழுவது யார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"படத்துலதான் கண்ணு. முன்னால பாரு."

பார்த்தேன். விரல் பத்தும் தீர்ந்து பதினொன்று ஆனது. படம் முடிந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து யாரும் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே கோபம்.

இப்போது டிஸ்க்கில் அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று அழுகையையும் சேர்த்து வழித்துவிட்டார்கள் என்று மகனிடம் சண்டை போட்டேன். அழுகையை அப்படி எடுக்க முடியாதுப்பா என்றான். வீட்டில் ஆறு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான், பின்பக்கம் மட்டும் இரண்டு. பின்னாலிருந்து காற்று வந்தது, சருகு மிதிபடும் சத்தம் வந்தது. மூன்றாவது முறை பார்த்து முடித்தபோது, அன்றைக்கு என் பின்னால் ஸ்பீக்கரே கிடையாது என்பது உறைத்தது.

அன்றே கருமத்தம்பட்டிக்குப் போன் செய்தேன். அக்காவுக்குப் பேரன் பேத்தி ஐந்து பேர். அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று ஞாபகமிருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"கண்ணைத் தொறந்து பாத்திருந்தாத்தானே" என்று சிரித்தாள். பிறகு, நான் கேட்காமலே, வேறு எங்கே போய் அழுவது, கிணற்றடியில்கூட ஆள் இருந்தது என்றாள்.

"அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா கல்யாணத்தையே நிறுத்தியிருக்கும், கண்ணு."

ஆமாக்கா என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் அக்கா முகம் கழுவப் போனாள். நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் என் கணக்கை ஒப்பித்தேன்: ஏழு பேர் செத்தார்கள், ஒருத்தி பதினொரு தடவை அழுதாள், ஆனால் அவள் கடைசிவரை வரவே இல்லை. அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"சத்தம் எங்கிருந்து வந்துச்சு சாமி?"

பின்னாலிருந்து என்றேன்.

அம்மா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். அப்பாவும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரும் வாசலில் மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசல் பக்கம் நான்கு எட்டு வைத்தாள், நின்றாள். அப்படியே திரும்பி அறைக்குள் வந்து, ஜன்னலில் போர்வையை அவிழ்த்துக்கொண்டிருந்த மாமாவின் கையைப் பிடித்தாள்.

"அவுக்காத தம்பி. அதையே இன்னொருக்காப் போடு. எனக்கு ஒண்ணும் வெளங்குல."

சினிமா என்றாலே எழுந்து போய்விடுகிற அம்மாவுக்கு, போயும் போயும் இந்தப் படம் இவ்வளவு பிடித்துவிட்டதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். இடம் போய்விடக் கூடாது என்று ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.