பச்சை முட்டையும் பூமணி டீச்சரும்

பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர்தான் எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தியைச் சொன்னார். அன்று அவர் மணி அடிக்கவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "உங்கட பூமணி டீச்சர் மோசம் போயிட்டா. நெஞ்சு நோவெண்டு படுத்தவ எழும்பல்ல" என்றார். உம்மாவின் வாயில் தன்னாலே இன்னாலில்லாஹி வந்தது. மீன்காரர் தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் உம்மா வழக்கம்போல் மீன் வாங்கினார். அன்று அதை ஒருவரும் சமைக்கவில்லை.

இந்தப் பாடசாலை மலரைக் கையில் எடுக்கும் அநேகருக்கு டீச்சரைத் தெரியும். உங்களில் பலர் அவரிடம் தையல் படித்தவர்கள். பலர் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களாகவும் இருக்கலாம். அடுத்தவர் சங்கதியை எட்டிப் பார்ப்பதை எங்கள் ஊரில் விடுப்பு என்போம். டீச்சருக்கு 'விடுப்பு டீச்சர்' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

அவர் எங்கள் பாடசாலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் கிடைத்துவிட்டதாம். பாடசாலை மணியாக வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது அல்லவா? கல்முனைக்கு ரயிலே வராதே, இந்தத் துண்டு மட்டும் எப்படி வந்தது என்று டீச்சர் அதிபரைக் கேட்டார். அதிபருக்குத் தெரியவில்லை. மற்ற ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் மட்டக்களப்பிலிருந்து மாட்டு வண்டியில் அதைக் கொண்டு வந்தவரின் மகனையே தேடிப் பிடித்துவிட்டார். தினமும் அந்த மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. "கேக்கிறதால ஆருக்கும் கை கால் உடையாது புள்ள" என்பார்.

நான் இங்கே எழுத வந்தது வேறொரு கேள்வியைப் பற்றி. அப்போது நான் ஏழாம் வகுப்பு. என் பக்கத்தில் இருந்த பிள்ளையை ஹைறுன் என்று அழைக்கிறேன். அது அவளது உண்மைப் பெயர் அல்ல. எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வசனத்தை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன்.

ஹைறுன் இறக்காமத்துப் பிள்ளை. வாப்பா வயலோடு கிடப்பவர். உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, படிப்பதற்காக அவளைக் கல்முனையில் சாச்சி வீட்டில் விட்டுப் போனார். சாச்சி என்றால் உம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் ஊரில் சாச்சி வீட்டில் வளரும் பிள்ளையைப் பார்த்து ஒருவரும் கவலைப்படமாட்டார்கள். வாப்பாவின் இரண்டாம் மனைவியிடம் வளர்ந்தால் தெருவே வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். சாச்சி என்றால் உம்மாவுக்குச் சமம், கேள்வியில்லை.

தையல் வகுப்பில் சட்டை வெட்டுமுன் ஒருவரை ஒருவர் அளக்க வேண்டும். எனக்கு ஹைறுன் சோடி. நான் நாடாவைத் தோளில் வைத்ததும் அவள் ஒடுங்கிப் போனாள். டீச்சர் மேசைகளுக்கிடையில் வந்துகொண்டிருந்தவர், நின்றார். முதலாம் தவணையில் ஹைறுன் தன் அளவுக்குத் தானே தைத்த சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தாள். அதன் தோளை டீச்சர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"வளர்ற புள்ளைக்குச் சட்டை இறுகும். உனக்கு ஏன்கா பெருக்குது?"

"நான் நல்லாத் திங்கிறன் டீச்சர்" என்றாள் ஹைறுன்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஹைறுனைப் பார்த்தபடியே இருந்தார் என்பதை நான் கவனித்தேன். வகுப்பில் அவள் தூங்கி விழுவதையும், பாடசாலையில் தரும் பிஸ்கட்டில் பாதியை முக்காட்டுக்குள் முடிந்து வைப்பதையும் டீச்சர் பார்த்தார். வெயிலில் நாங்கள் எல்லோரும் கையை மடித்து விட்டிருக்க, அவள் மட்டும் மணிக்கட்டுவரை மூடியிருப்பதையும் பார்த்தார். ஒன்றையும் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தயங்காத டீச்சர் ஏன் கேட்காமல் இருக்கிறார் என்று நான்தான் யோசித்தேன்.

பிறகு ஹைறுன் வரவில்லை. சாச்சியின் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து குமராகிட்டா என்று சொன்னாள். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லோடு எல்லா விசாரணையும் முடிந்துவிடும். ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் வீட்டுக்குள் இருப்பாள். எத்தனை நாள் என்று கேட்பது மரியாதையில்லை. சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். ஆசிரியர்களும் தலையாட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார்கள்.

டீச்சர் பாடத்தைத் தொடங்கவில்லை. "ஆருட உம்மா முட்டை கொண்டு போன?" என்று கேட்டார்.

ஒரு கையும் உயரவில்லை. பெரியவளான பிள்ளைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுபோய், தங்கள் கையாலேயே குடிக்கக் கொடுப்பது எங்களிடமும் பாண்டிருப்பிலும் ஒரே வழக்கம். தண்ணி வார்த்த அன்று பெண்கள் இடும் குரவைச் சத்தம் கேட்டதா என்றும் டீச்சர் கேட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளை இல்லை என்றாள். ஹைறுனின் உம்மா வந்த பிறகுதான் எல்லாம் செய்வார்களாம் என்றாள்.

"அது கொண்டாட்டம். தலைக்குத் தண்ணி வாக்கவுமா குவைத்துல இருந்து ஆள் வரணும்?"

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

அதிபர் அவரைப் போகவேண்டாம் என்றார். பாண்டிருப்புத் தமிழ் ஆள் நம் ஆட்களின் வீட்டுக்குள் போய்க் குமர்ப்பிள்ளையை விசாரித்தால் ஊரில் வேறு கதையாகிவிடும் என்பது அவரது பயம். காலம் அப்படி இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டீச்சர் அன்று பின்னேரம் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

உம்மா நன்றாகத் தேத்தண்ணீர் கொடுத்தார், ஆனால் சம்மதம் கொடுக்கவில்லை. "நான் விடுப்புப் பார்க்கப் போற ஆள் இல்ல டீச்சர்."

"விடுப்புக்கு நான் இரிக்கன்தானே. நீங்க வழக்கத்துக்கு வாங்க. உங்கட மகள்ர கூட்டாளி பெரிய பிள்ளையாகியிருக்கா. முட்டை கொண்டு போகாம விட்டா உங்களத்தான் குறை கதைப்பாங்க."

உம்மா "இதுக்கு இல்லையெண்டு செல்லவும் ஏலாது" என்று சொல்லிவிட்டு முட்டை எடுக்க எழுந்தார். நானும் போனேன். கூட்டாளி என்று என்னைக் காட்டித்தானே போகிறார்கள்.

சாச்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் ஒரு பிள்ளை, சேலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று. பிள்ளை படுத்திருக்கிறாள், முட்டையைத் தாருங்கள், நான் கொடுக்கிறேன் என்றார். உம்மாதான் பேசினார். டீச்சரோடு போனால் மரியாதை போய்விடும் என்று வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்த உம்மா, வாசலில் மறித்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

"என்ன மச்சி, முட்டை கொண்டு வந்தவள வாசல்ல நிப்பாட்டுறது எந்தக் குடியில உள்ள வழக்கம்?"

சாச்சி விலகினார்.

ஹைறுன் படுத்திருக்கவில்லை. குசினிக்குப் பின்னால் நெல் மூடைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பாய் இல்லை, புதுச் சட்டை இல்லை. அதே பெருத்த சட்டை. உம்மா ஒரு முட்டையை உடைத்துக் கோப்பையில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

பச்சை முட்டை குடித்தவர்களுக்குத் தெரியும். மூக்கைப் பொத்த வேண்டும், கண்ணால் தண்ணீர் வரும், பக்கத்தில் ஒருவர் அதட்ட வேண்டும். என் மூத்த ராத்தா ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தவர். ஹைறுன் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். விரலால் கோப்பையை வழித்து நக்கினாள். பிறகு உம்மாவின் பெட்டியில் இருந்த மற்ற முட்டைகளைப் பார்த்தாள்.

உம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்ததை உடைத்தார். அதற்குப் பிறகு இன்னொன்று.

கோப்பையை வாங்கும்போது ஹைறுனின் சட்டைக் கை மேலே போனது. முழங்கைக்குக் கீழே ஒரு சுட்ட புண், பழுத்திருந்தது. கொதிதண்ணி ஊத்துண்டது என்று சாச்சி உடனே சொன்னார். டீச்சர் குனிந்து பார்த்தார்.

"தண்ணி பட்டா ஓடும் தங்கச்சி. இது ஓடல்ல. கோடு போட்ட மாதிரி நேரா இரிக்கி."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. புண்ணைக் கழுவ வேண்டும் என்று சொல்லி ஹைறுனைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனார். என் கையில் சாச்சியின் சின்னப் பிள்ளை. தூரத்திலிருந்து பார்த்தேன். டீச்சர் நல்ல சேலையோடு கிணற்றுக் கட்டில் இருந்தார். ஹைறுன் பக்கத்தில். வெகு நேரம் இருவரின் வாயும் அசையவில்லை. பிறகு ஹைறுன் மட்டும் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

அப்படி என்னதான் கேட்டார் என்று பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். "ஒண்டும் கேக்கல்ல. 'கதைக்கிறெண்டா கதை. இல்லாட்டி நான் இப்பிடியே இரிக்கன், எனக்கு வேலையில்ல' எண்டு செல்லிட்டுப் பேசாம இருந்தா" என்றாள். சாச்சிக்கு முன்னால் கேட்டிருந்தால் கொதிதண்ணி என்றுதான் தானும் சொல்லியிருப்பாளாம்.

பால் பொங்கி வழிந்த ஆத்திரத்தில் அடுப்பில் கிடந்த அகப்பைக் கம்பியால் சாச்சி வைத்த சூடு அது. புண் பழுத்து, சட்டைக் கைக்குள் மறைக்க முடியாமல் போகத்தான் பாடசாலையை நிறுத்தியிருக்கிறார். ஊர் கேள்வி கேட்காத ஒரு காரணம் அவருக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

உம்மா ஹைறுனுக்குத் தன் முக்காட்டையே போர்த்திவிட்டார். "மச்சி, நான் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். தடுக்கிறெண்டா மரைக்காருக்கு முன்னால வந்து தடு" என்றார். எங்கள் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் பேச ஒரு மரைக்கார் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் சாச்சி நிலத்தில் இருந்து அழத் தொடங்கினார். "நாலு புள்ளையும் நானும். இவர் கடலுக்குப் போனா எப்ப வாறாரெண்டு தெரியா. ஒரு ஆளாவது என்னை எட்டிப் பாத்ததா?"

"அது உண்மை" என்றார் டீச்சர். "உன்னை நாங்க பாக்காம விட்டது பிழை. அதுக்காக இது சரியாகாது."

ஹைறுனுக்கு மருந்து கட்டினார்கள். மரைக்கார் ஆள் அனுப்ப, இறக்காமத்திலிருந்து வாப்பா வந்தார். கையைப் பார்த்துவிட்டு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் உம்மா வரும்வரை ஹைறுன் எங்கள் வீட்டில் இருப்பதென்று முடிவானது. குவைத்துக்குக் கசெட்டில்தான் செய்தி போனது. அதற்கு முன்பும் கசெட் போயிருக்கிறது. சாச்சி பக்கத்தில் நிற்க, நான் நல்லா இரிக்கன் உம்மா என்று ஹைறுன் பேசிய கசெட். இந்த முறை எல்லோரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டுத் தனியே பேசினாள். அவளுடைய உம்மா வேலையை விட்டு வந்து சேர்ந்தார்.

டீச்சர் அதோடு விடவில்லை. சாச்சி வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார், எங்கள் உம்மாவையும் இழுத்துக்கொண்டு. பின்னேரங்களில் தெருப் பெண்கள் யாராவது சாச்சியின் சின்னப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஹைறுனுக்குச் சூடு வைத்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குக் கோபம். கேட்டேன். "அந்த வீட்டுல இன்னும் நாலு புள்ள இரிக்கி மகள்" என்றார்.

அன்றிலிருந்து எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை குமராகிவிட்டாள் என்று செய்தி வந்தாலும், அந்தக் கிழமைக்குள் டீச்சர் யாராவது ஓர் உம்மாவைச் சேர்த்துக்கொண்டு முட்டையோடு போய்விடுவார். நான் கூடப்போன வீடுகளிலெல்லாம் ஒரு குறையும் இருக்கவில்லை. உண்மையாகவே பெரியவளான பிள்ளை புதுச் சட்டையோடு வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பாள். உளுந்துக் களி தருவார்கள், டீச்சர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவார். களிக்காகத்தான் போகிறார் என்று ஆசிரியர் அறையில் பகிடி பண்ணினார்கள். ஒருநாள் நான் பொறுக்காமல் சொல்லிவிட்டேன், எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்க நினைக்கிற மாதிரி எங்கேயும் இல்லையே டீச்சர் என்று.

"நான் நினைச்சது பிழையெண்டு வந்தா எனக்குத்தானே புள்ள சந்தோசம்" என்றார். "சரியெண்டு வந்த அண்டைக்குத்தான் சோறு இறங்கல்ல."

மீன்காரர் செய்தி சொன்ன அன்று டீச்சரின் வீட்டுக்கு நாங்கள் மூவரும் போனோம். உம்மா, நான், ஹைறுன்.

போன கிழமை எங்கள் பாடசாலையின் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை. குமராகிவிட்டாள் என்று செய்தி. யாராவது போவார்கள் என்று எல்லோரும் இருந்தார்கள், நானும் இருந்தேன். பின்னேரம் ஹைறுன் எங்கள் வீட்டுப் படியில் வந்து நின்றாள். உம்மா ஏற்கனவே முட்டைப் பெட்டியோடு வெளிக்கிட்டிருந்தார். வழியில் அவர்தான் தயங்கினார். நமக்கு அந்த வீட்டாரைத் தெரியாதே, ஒரு குறையும் இல்லாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்றார்.

"களி தருவாங்க மாமி. தின்னுட்டு வருவம்" என்றாள் ஹைறுன்.

தந்தார்கள். அந்தப் பிள்ளை புதுச் சட்டையோடு பாயில் இருந்தாள். முட்டையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். அவளுடைய உம்மா அதட்ட, நாங்கள் மூவரும் சிரித்தோம். எங்கள் சந்தேகம் பிழையாகிப்போனதில் எனக்கு வந்த அந்தச் சந்தோசம் இருக்கிறதே, அது பூமணி டீச்சருடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.