சமையலறைக்குப் பின்னால் ஒரு டீசல் டேங்க்

ஓமானில் சோஹாருக்கு வெளியே எங்கள் கேம்ப் இருந்த இடத்துக்குக் கரண்ட் லைன் வரவில்லை. எல்லாம் ஜெனரேட்டர்தான். அதற்கான டீசல் டேங்க்கை எந்தப் புண்ணியவானோ சமையலறைக்குப் பின்னால், கிணற்றுக்குப் பக்கத்திலேயே புதைத்து வைத்திருந்தான். நான் அங்கே டைம்கீப்பர், ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கிறவன். டேங்க்கிலிருந்து டீசலைக் கைப்பம்பில் அடித்து ஜெனரேட்டருக்கு ஊற்றும் வேலை சமையல்காரர் தலையில் விழுந்திருந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், எனக்கும் அந்தப் பக்கம்தான். கேம்ப்புக்கே அவர் அண்ணாச்சி.

அந்தக் கோடையில் சாம்பாரில் டீசல் வாடை வர ஆரம்பித்தது. டீசல் அடித்த கையைக் கழுவாமல் சமைக்கிறார் என்று கேம்ப்பில் தங்கியிருந்த வேலைக்காரப் பையன்கள் முடிவு கட்டினார்கள். ‘டீசல் அண்ணாச்சி’ என்று பேரும் வைத்தார்கள். பாவம், அவர் சோப்புத்தூளும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கைத் தோலே உரிந்துபோனது. கிணற்றுத் தண்ணீர்தான் நாறுகிறது என்று சொல்லிப் பார்த்தார். எவன் கேட்டான்? குடிக்க கேன் தண்ணீர் வந்தது. சமைப்பதும் குளிப்பதும் கிணற்றுத் தண்ணீரில்தான், ஆனால் நாளெல்லாம் மெஷினோடு கிடந்துவிட்டு வருகிறவனுக்கு உடம்பு பூராவும் டீசல், தண்ணீரின் வாடை எங்கே தெரியும்? ஒருநாள் ஒருவன் சோற்றுத் தட்டை அவர் காலடியில் வீசிவிட்டுப் போனான். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்போதுதான் டேங்க்கைப் பார்க்க சேஃப்டி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அண்ணாச்சியின் முகத்தில் களை வந்துவிட்டது. கேம்ப் பாஸ் விடுவாரா? இன்ஸ்பெக்ஷன் என்றால் முந்தின நாளே பெயிண்ட் வாளி வந்துவிடும், அது எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம். பம்புக்கும் மூடிக்கும் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட், சுற்றிலும் லாரி லாரியாகப் புது மணல். விருந்தாளிக்கு டீ போட ஒரு பெட்டி பாட்டில் தண்ணீரும் சமையலறைக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் ஓமானி, சின்ன வயசுதான். மூடியைப் பார்த்தார், தீயணைக்கும் மணல் வாளியைப் பார்த்தார், சரியென்று தலையை ஆட்டினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அண்ணாச்சி டீ கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்த இன்ஸ்பெக்டர் டம்ளரை மூக்கருகில் கொண்டுபோனார், கீழே வைத்தார், கிணறு எங்கே என்று கேட்டார். பாட்டில் தண்ணீரில் போடவில்லையா என்று அண்ணாச்சியிடம் மெல்லக் கேட்டேன்.

“நாம திங்கதுல உள்ள கெணத்துத் தண்ணிதான் தம்பி. அவரும் குடிக்கட்டுமே.”

புது மணலைத் தோண்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அடியில் கன்னங்கரேலென்று மண், குப்பென்று வாடை. அந்த வாரமே கிரேன் வந்து டேங்க்கைத் தூக்கியது. அடிப்பக்கம் துருவேறிப் பொத்தல் பொத்தலாக இருந்தது. பையன்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். இனியாவது அந்த மனுஷனுக்கு விடிவு என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். டேங்க்கை எடுக்கத்தானே உத்தரவு? அதே கறுத்த மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள், கிணற்று வாடை போகவில்லை. டேங்க் போனதால் பெரிய ஜெனரேட்டருக்குப் பதிலாக வந்த குட்டி ஜெனரேட்டர் ஏசியை இழுக்கவில்லை. வேகிற ரூமில் படுத்துக்கொண்டு பையன்கள் அண்ணாச்சியைத்தான் வைதார்கள். விருந்தாளி முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்று கேம்ப் பாஸ் அவர் விசாவைக் கேன்சல் செய்தார். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். கலாஸ், முடிந்தது என்று கையை உதறிவிட்டார்.

அவர் கிளம்பும்போது எல்லாரும் ரூமில் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தனும் வெளியே வரவில்லை. பெட்டியை நான்தான் பிக்கப்பில் ஏற்றினேன். அவர் மூடிக் கிடந்த கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேங்க்தான் ஒழுகிச்சுன்னு பயலுவளுக்குத் தெரிஞ்சிட்டுல்லா? என்ன சொல்லுதானுவ?”

“உங்க மேல தப்பில்லன்னுதான் அண்ணாச்சி எல்லாரும் சொல்லுதானுவ.”

ஒருத்தனும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.