பேத்தியின் மெடிக்கல்

நான் ஒரு மெடிக்கலிலும் தோற்றவன் இல்லை. தங்க மைன்ஸில் பூமிக்கு அடியில் வேலை பார்த்த இருபத்தாறு வருஷமும் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நின்று, ஒவ்வொரு தடவையும் 'ஃபிட்' வாங்கிக்கொண்டு வந்தவன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மார்புச் சளியில் 'அன்ஃபிட்' ஆகி, கம்பெனி கொடுத்த லைன் வீட்டு வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சளி இல்லையா? இருந்தது. ஆனால் டாக்டர் முன்னால் எப்படி நிற்பது என்று தெரிந்துவைத்திருந்தேன். முதல் நாளே பீடியை நிறுத்திவிட வேண்டும். காலையில் மிளகு போட்ட வெந்நீர். தலைக்கு எண்ணெய், இஸ்திரி போட்ட சட்டை. டாக்டர் எது கேட்டாலும் ஒரே பதில்: "ஒண்ணும் இல்லீங்க, நல்லாக்கீறேன்." வரிசையில் முன்னால் நிற்பவன் இருமினால் பின்னால் நிற்பவன் முதுகில் குத்துவான். அன்ஃபிட் ஆனால் அடுத்த வாரம் வீட்டில் உலை வைக்க முடியாது. அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது.

மைன்ஸ் மூடினபோது மற்றவர்கள் கோர்ட், சங்கம் என்று அலைந்தார்கள். நான் அலையவில்லை. முப்பது நாற்காலியும் ஒரு பந்தல் துணியும் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தேன். படிப்பு நாலாவது வரைதான். இன்று எங்கள் பக்கத்துப் பாலகாட்டிலிருந்து பூதிகோட்டை வரை யார் வீட்டில் கல்யாணமோ சாவோ, என் நாற்காலிதான் போகிறது. சர்ச் கன்வென்ஷனுக்கும் நான்தான், மாரியம்மன் திருவிழாவுக்கும் நான்தான். எந்த ஆபீசிலும் போய்ப் பேசிக் காரியத்தை முடிக்கிற வாய் எனக்கு உண்டென்று லைன் முழுக்க நம்பினார்கள். நானும் நம்பினேன்.

என் மகளின் பெண்ணுக்கு மூளை வளர்ச்சி குறைவு. பிறந்தபோதே அழத் தாமதமானது. பதினேழு வயதிலும் தானாகப் பைஜாமா போடத் தெரியாது. இரண்டு காலையும் ஒரே பக்கம் விட்டுக்கொண்டு சிரிப்பாள். மாதவிலக்கு நாட்களில் அவள் அம்மா வேலைக்கு லீவு போட்டே ஆக வேண்டும். கேட் திறந்திருந்தால் போய்விடுவாள். ஒருமுறை மூடிக் கிடக்கிற மைசூர் மைன்ஸ் சுரங்கம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்துபோய்விட்டாள். என் மருமகன் இதெல்லாம் பார்க்க முடியாமல் என்றைக்கோ கிளம்பிப் போனான். மகள் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போகிறாள். அதனால் பகலில் பேத்தி என்னோடு கடையில் இருப்பாள். கையில் ஒரு துணியைக் கொடுத்தால் நாற்காலி துடைப்பாள். ஒரே நாற்காலிதான். நான் "போதும்மா" என்று சொன்னால்தான் நிறுத்துவாள். அவள் அம்மா சொன்னால்கூட நிறுத்த மாட்டாள்.

சின்ன வயதில் வாங்கின ஊனமுற்றோர் அட்டை அவளுக்கு இருந்தது. மாசப் பென்ஷனும் பஸ் பாஸும் அதை வைத்துத்தான். அட்டையில் பதினெட்டு வயது வரைதான் செல்லும் என்று போட்டிருந்தது. அதற்குள் மறுபடியும் டாக்டர்களிடம் காட்டினால் ஆயுசுக்கும் செல்கிற அட்டை தருவார்களாம். நாளைக்கு நாங்கள் இல்லாமல் போய், அவளை ஒரு ஹோமில் சேர்க்க வேண்டுமென்றாலும் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். மகள் கம்ப்யூட்டர் கடையில் அதற்கு மனு எழுதிப் போட்டாள். ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

ரயிலுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நைனா, அங்க போய் உன் பெருமைய அள்ளி வுடாத. உள்ளத உள்ளபடி சொல்லு."

"எனுக்கே சொல்லிக் குடுக்கிறியா? எத்தினி டாக்டரப் பார்த்தவன் நானு!"

"அதான் பயமாக்கீது," என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் பேத்தியைக் குளிப்பாட்டச் சொன்னேன். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், கனகாம்பரம், கிறிஸ்மஸுக்கு எடுத்த சுடிதார். நானே இஸ்திரி போட்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வாய் வழிய, தலை கலைந்து, பழைய துணியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைதான் பளிச்சென்று இருந்தாள். எங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, பொண்ணு பாக்கவா இட்டுனு வந்துகீறீங்க?"

"நாம யாருன்னு டாக்டருக்குத் தெரிய வேணாமா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி 'அஜ்ஜா' என்று கூப்பிட்டு, கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பாடு அவளே சாப்பிடுவாளா, அஜ்ஜா?"

"சாப்பிடுவா மேடம்."

"குளிக்கறது, துணி போட்டுக்கறது?"

"எல்லாம் அவளே."

பொய் சொல்ல வேண்டுமென்று நான் போகவில்லை. டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் என் வாய்க்கு வேறு பதில் தெரியாது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

பேத்தியிடம் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"புது இடம், வெட்கப்படறா மேடம். வீட்டுல நூறு வரைக்கும் சொல்லுவா," என்றேன்.

"வேலை ஏதாவது செய்வாளா?"

"என் கடையிலதான் வேலை. ஐந்நூறு நாற்காலி மேடம். துடைச்சி வைக்கறதே அவதான்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம் அஜ்ஜா, நல்லா பாத்துக்கறீங்க," என்று சொல்லி எழுதிக்கொண்டார். நான் சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். இங்கிலீஷில் போட்டேன். மெடிக்கல் முடிந்து வெளியே வரும்போது ஒரு லேசு இருக்குமே, அதே லேசுதான் அன்றைக்கும். பஸ் ஸ்டாண்டில் பேத்திக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மகளின் போனுக்கு ரிசல்ட் வந்தது. அட்டை கொடுக்கும் அளவுக்குக் குறைபாடு இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"பாஸ் பண்ட்டா நைனா உன் பேத்தி," என்றாள்.

மறுபடி எழுதிப் போட்டோம். இந்தத் தடவை வேறு டாக்டர், வயதானவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பைஜாமா, மாதவிலக்கு, கேட், ஒரே நாற்காலி எல்லாம். பேத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பழைய தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. அன்னிக்குத் தெரியாம..."

"அன்னிக்கு வேலை செய்யறான்னு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றீங்க. இதுல நான் எதை நம்பறது, அஜ்ஜா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மைன்ஸ் மெடிக்கலில் டாக்டரிடம் ஒரு வார்த்தையாவது உண்மை பேசியிருந்தால் எனக்கும் பழக்கம் இருந்திருக்கும். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் புத்தி டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். அங்கே கொடுத்த நாள் பேத்திக்குப் பதினெட்டு முடிந்து ஐந்து மாதம் தள்ளி. போனோம். அங்கேயும் ஃபைலைத் திறந்தவுடன் மேலே இருந்தது அந்த முதல் தாள்தான். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று மகள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பென்ஷன் நின்றுவிட்டது. பஸ் பாஸைக் கண்டக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, தேதி முடிந்தது என்று திருப்பிக் கொடுத்தார். பேத்தி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிகிறாள், கழற்ற விட மாட்டேன் என்கிறாள்.

எனக்கு இந்தக் குளிரில் இருமல் அதிகமாகிவிட்டது. "டாக்டராண்ட போ நைனா," என்கிறாள் மகள். நல்லாக்கீறேன் என்கிறேன்.

நேற்று கடையில் பேத்தி வழக்கம்போல நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரமாகிவிட்டதே, நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. வார்த்தை வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு திரும்பி நிமிர்ந்தபோது அவள் அதே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.