எலுமிச்சை மேல் ஏறிய லாரி

அந்தச் சிவப்பு லாரி என் முழங்கை நீளம்தான் இருக்கும். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அதன் குச்சியைத் தள்ளினால், கம்பி ஏதும் இல்லாமல் தூரத்தில் அது ஓடும், திரும்பும். இன்றைக்கு அப்படிப்பட்டவை கடைக்குக் கடை தொங்குகின்றன. எண்பதுகளில் துபாயில் எலெக்ட்ரீஷியனாக இருந்த நான் அதை வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது யாருக்கும் பெருமையாக இல்லை. தங்கம் எங்கே, டேப்ரெக்கார்டர் எங்கே என்று என் சூட்கேஸை அடிவரை துழாவினார்கள். கல்யாணமாகாத தடிப்பயல் தனக்குத்தானே பொம்மை வாங்கி வந்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

சிரிக்காத ஒரே ஆள் என் அண்ணன். மலையிலிருந்து அடிவாரத்துச் சந்தவாசலுக்குச் சாமையும் புளியும் ஏற்றிப்போன லாரி டிரைவர். முந்தைய மழைக்காலத்தில் இறக்கத்தில் முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்து லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டது. அண்ணனும் கிளீனரும் குதித்துத் தப்பினார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அதன்பிறகு அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, சந்தைக்குப் போகக்கூட பஸ் ஏறவில்லை. பேச்சும் குறைந்துபோனது. நன்றாக வாயாடிக்கொண்டிருந்த மனிதர் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தார். முதலாளி நல்லவர், வேறு ஆள் போடாமல் காத்திருந்தார். புளி லோடு தொடங்குவதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணி பயந்துபோயிருந்தார். “கூழோ கஞ்சியோ குடிச்சிக்கினு வூட்லயே கெடக்கட்டும். உசுரோட வந்ததே போதும்,” என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொன்ன பதில்.

பொம்மை லாரியை முதல்முதலாக ஓட்டப்போன அன்று அண்ணி என்னைத் தடுத்தார். “சின்னதோ பெருசோ, லாரி லாரிதான். சும்மா எடுக்கக் கூடாது.” கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்து, முன்சக்கரங்களுக்கு முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சையை, உருளாதபடி வீட்டு முன் களத்து மண்ணில் பாதி பதித்து வைத்தார். பெரிய லாரி அதை நசுக்கிக்கொண்டு போகும். இதற்கோ சக்கரமே எலுமிச்சையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது எங்களுக்கு உறைக்கவில்லை. நான் குச்சியைத் தள்ளினேன். லாரி எலுமிச்சை மேல் முட்டி ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, குப்புற விழுந்தது. சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்த்துச் சுழன்றன.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. “பாத்தியா? சாமியே சொல்லிடுச்சு. நாளைக்கே மொதலாளிக்கு ஆளனுப்பி, வர மாட்டாருன்னு சொல்லிடறேன்,” என்று உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அண்ணன் எழுந்து வந்தார். விழுந்துகிடந்த லாரியைத் தூக்கி முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். “இன்னாடா இது, ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்குது, ஒரு பக்கம் அமுங்குது? இப்படி இருந்தா சாயாம இன்னா பண்ணும்? சாமிய ஏன் இழுக்கறீங்க?” எத்தனையோ மாதம் கழித்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். என் சின்ன ஸ்குரூ டிரைவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு களத்தோரம் உட்கார்ந்தார்.

முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சுருள் ஸ்பிரிங், அதன் தலையில் திருகும் வளையம். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைத்து லாரியைத் தூக்கிப்போட்டது. தளர்த்தினால் மூக்கு மண்ணில் உரசியது. அண்ணன் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் விடுவார், மறு பக்கத்தைக் கொஞ்சம் பிடிப்பார், தரையில் வைத்துக் குனிந்து கண்மட்டத்தில் பார்ப்பார். நான் ஓட்டுவேன், அது விழும், அவர் என்னைத் திட்டுவார். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இனித்தது. பசுமாடு கட்டும் நேரத்துக்கு ஒருவழியாக லாரியின் முகம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக நின்றது.

அண்ணி கன்றை இழுத்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். நான் குச்சியைத் தள்ளினேன். முன்சக்கரங்கள் எலுமிச்சைகளில் ஏறின, ஸ்பிரிங்குகள் அமுங்கின, லாரி ஒரு குலுங்கு குலுங்கி அந்தப் பக்கம் இறங்கியது. பழம் நசுங்கவில்லை. லாரியும் சாயவில்லை.

“குடு இப்படி,” என்று அண்ணன் என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். அவர் விரல்கள் நடுங்கியதில் லாரி முதலில் கோணல்மாணலாகப் போனது. களம் முடிந்து பாதை சரியும் இடத்தில் அவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மெல்ல இறக்கினார், கீழே திருப்பினார், மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். மறுபடியும் இறக்கினார்.

அண்ணி லாரியைப் பார்க்கவில்லை. அண்ணனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கம் நின்றிருந்தது. கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“ஆளெல்லாம் அனுப்ப மாட்டேன். நாளைக்கு நீங்களே மொதலாளிகிட்ட போய், வர்றேன்னு சொல்லிட்டு வாங்க.”