எங்கள் லயத்துப் பிள்ளை

நீங்கள் பிறந்து வளர்ந்த இடத்திலேயே "இப்படி ஓர் ஆள் இங்கே இல்லை" என்று உங்களைப் பற்றி அரசாங்கம் எழுதினால் என்ன செய்வீர்கள்?

அஞ்சுவைப் பற்றி அப்படித்தான் எழுதினார்கள். கேரள மலையோர ஊரான வித்துராவுக்கு மேலே, இப்போது மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா ஜெயபாய் கொழுந்து கிள்ளிப் படிக்கவைத்தாள். நர்ஸிங் முடித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சு ஜெர்மன் மொழி படித்துத் தேறினாள். ஜெர்மனியில் முதியோர் இல்லம் ஒன்று அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போலீஸ் கிளியரன்ஸ், அதாவது போலீஸ் விசாரித்துத் தரும் நன்னடத்தைச் சான்றிதழ், மட்டுமே பாக்கி. அது கிடைக்கவில்லை. விசாரிக்கப் போன போலீஸ்காரர் பினுவிடம், அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று லயத்தில் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவள் பக்கத்து அறை மங்கலம். அஞ்சுவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பாசத்தில்தான் சொன்னாள்.

தோட்டம் மாதக்கணக்கில் சம்பளம் தராதபோது, ஏன் என்று கேட்க எந்த அதிகாரியும் மலை ஏறவில்லை. சம்பளம் கேட்டு லயத்து ஆட்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த மறுநாளே போலீஸ் ஜீப் ஏறியது. பெயர் கேட்டுக் கேட்டு ஆட்களை அள்ளிப் போனது. அதன்பின் காக்கிச்சட்டை யார் பெயரைக் கேட்டாலும் லயத்தில் ஒரே பதில்: தெரியாது. இதை அறியாமை என்று சிரிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அடிபட்டுக் கற்ற பாடம் அது.

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ஒரு விசா ஏஜென்ட் சுலப வழி சொன்னார். "ஹாஸ்டல் அட்ரஸ் வெச்சு வேற அப்ளை பண்ணு மோளே. அந்த லயத்த விட்டேக்கு."

"நான் பொறந்த எடத்துல நான் இல்லன்னு எழுதியிருக்கு சாரே. அதத் திருத்தாம பிளேன் ஏற மாட்டேன்."

முதியோர் இல்லம் மாதக் கடைசி வரைதான் காத்திருக்கும். தெரிந்தும் சொன்னாள். அன்றே மலைக்குப் போனாள். மங்கலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன்னக் காப்பாத்துனேன்னுல்ல நெனச்சேன் மக்களே!"

"காப்பாத்துனது போதும் சித்தி. ஸ்டேஷனுக்கு வந்து என்னக் காட்டிக் குடுங்க."

அதுவரை ஸ்டேஷன் படி மிதிக்காத மங்கலம் மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே மலை இறங்கினாள். பின்னால் லயமே இறங்கியது.

"சாரே, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

பினு நிமிர்ந்தார். "போலீஸினோட பொய் பறஞ்சா கேஸாணு, அறியாமோ?"

"நல்ல காரியத்துக்குக் காக்கிச்சட்ட போட்டு எங்க லயத்துக்கு இதுவரை ஆரும் வந்ததில்லல்லோ. பிள்ளயப் பிடிச்சிட்டுப் போக வந்தீங்கன்னு நெனச்சேன்." அஞ்சுவை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "கேஸ் போடுங்க. அதுல இவ எங்க லயத்துப் பிள்ளதான்னும் சேத்து எழுதுங்க."

ஸ்டேஷன் சிரித்தது. பினு சிரிக்கவில்லை. அந்த வாரமே திரும்ப மலை ஏறினார். இந்த முறை ஒவ்வொரு வாசலிலும் அவள் பெயரை அவர் கேட்பதற்குள் ஆட்களே சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வந்தது, பின்னால் வேலை அனுமதியும் வந்தது. எந்தச் சாமியும் தரவில்லை, எந்த ஏஜென்ட்டும் தரவில்லை. ஒரு நர்ஸின் படிப்பும், பயத்தை விழுங்கிக்கொண்டு பஸ் ஏறிய ஒரு கொழுந்துக்காரியின் வாக்குமூலமும் தந்தன.

உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒருநாள் விசாரணை வரும். கதவுக்குப் பின்னால் நிற்காதீர்கள். வெளியே வந்து அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். தவறாக எழுதிப் போயிருந்தால், திருத்தும்வரை கூடப் போய் நில்லுங்கள்.