நாலந்தாவுக்குச் சைக்கிளில்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்நிறுத்தம் வந்த புதிது. மண் மூட்டை அடுக்கிய ஆமிச் சோதனைச் சாவடிகளை, அந்தச் சென்றிகளை, இன்னும் எடுக்கவில்லை. மாத்தளையில் எங்கள் தெருவின் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் நாலந்தாவுக்குச் சைக்கிளில் போய், குளத்தோரம் கூடாரம் அடித்துத் தங்கத் தீர்மானித்தோம். சமையல் சாமான்களுக்கு ஒரு சின்ன லொறி. அதற்காகவே நாற்பத்திரண்டு வயதில் சைக்கிள் பழகினேன். ஓட்ட வந்தது, ஆனால் கால் வைக்க ஒரு கல்லோ மதகோ இருந்தால்தான் ஏற முடியும். முழுத் தூரமும் ஓட்டியே தீருவதென்று இருந்தேன்.

வழியில் சென்றியில் எல்லாரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் பார்த்தால், சுற்றிலும் ஒரு கல்கூட இல்லை.

"பேசாம லொறியில ஏறிக்க. சோத்துப் பானைக்கும் ஒரு காவல் வேணும்ல" என்றார் என் கணவர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆமிக்காரர்களோடு நான் பேசியதே இல்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் கேட்டேன்: "தம்பி, அந்த மண் மூட்டையில ஒரு கால் வச்சுக்கட்டுமா?"

அவன் திகைத்துப்போய், தன் மேலதிகாரி இருந்த பக்கம் பார்த்தான். "சீக்கிரம், அக்கா" என்றான்.

மூட்டையில் மிதித்து ஏறினேன். நாலந்தா வரை இறங்கவே இல்லை.

மறுநாள் காலை முழங்கால்கள் மடங்கவில்லை. லொறியில் வீட்டுக்கு வந்தேன்.